வன்றட்டின் துயிலும் விழிப்பும்: நிலைப்பொருளும் பணிசெயல் முறைமையும் கொள்ளும் உடன்பாடு

மடிக்கணினி ஒன்றின் மூடியைச் சாத்தியதும் அதன் திரை அணைகின்றது, விசிறி அடங்குகின்றது, உள்ளே சுழலும் தட்டின் மெல்லிய ஓசையும் ஓய்கின்றது. மூடியை மீண்டும் திறந்த சில செக்கன்களில், எழுதி நிறுத்திய வாக்கியம் நிறுத்திய இடத்திலேயே திரையில் தோன்றுகின்றது. காண்பார்க்கு இஃது ஒரே செயல் போலத் தோன்றும். உண்மையில் இது, ஒன்றையொன்று முற்றாக அறியாத இரண்டு அதிகாரங்கள் ஓர் ஒழுங்கின்படி மாறி மாறிச் செய்யும் பல செயல்களின் தொகுதியாகும். அவற்றுள் ஒன்று, கணினியை ஆக்கியோர் அதன் தாய்ப்பலகையிலேயே பதித்து வைத்த நிலைப்பொருள். மற்றையது, அதன்மேல் நிறுவப்படும் பணிசெயல் முறைமை. வன்றட்டு என்னும் ஒரே பொருளின்மீது இவ்விரண்டும் அதிகாரம் செலுத்தும்பொழுது எழும் சிக்கல்கள் யாவை, அவை எவ்வாறு தீர்க்கப்பட்டன என்பன இக்கட்டுரையில் ஆராயப்படும். மூலநிரல் யாவரும் வாசிக்கத்தக்கதாய்த் திறந்து வைக்கப்பட்டிருத்தலின், பணிசெயல் முறைமைகளுள் லினக்ஸ் ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வாராய்ச்சி பொறியியலார்க்கு மட்டும் உரியதொன்றன்று. ஆசிரியர் ஒருவர் ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிப்பதிவும், மாணவன் ஒருவன் எழுதி முடித்த ஆய்வேடும் வன்றட்டிலேயே தங்கியுள்ளன. தட்டுக்கு மின் நிறுத்தப்படும் ஒழுங்கில் ஒருபடி முன்பின்னாக நேரின், எழுதப்பட்டதாகக் கருதிய ஏடு எழுதப்படாமலே போகலாம். தட்டின் ஆயுளும் குறையலாம். மேலும், விலைகொடுத்து வாங்கிய பொறியில் இறுதிச் சொல் எவருக்கு உரியது என்ற வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

தட்டின் இயல்பு

வன்றட்டினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை அல்லது 7,200 முறை சுழல்கின்றன. வாசிப்பதும் எழுதுவதுமாகிய தலை, தட்டைத் தொடாது, சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின்மீது மிதக்கின்றது. அதன் உயரம் மனிதத் தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு. சுழற்சி நிற்பதாயின், அதற்கு முன்னரே தலையானது தட்டினை விட்டு நீங்கித் தனக்குரிய தரிப்பிடத்தை அடைதல் வேண்டும். முறைப்படி கட்டளை பெற்ற தட்டு இதனை அமைதியாகச் செய்யும். மின் திடீரென அறுபடின், சுழலும் தட்டில் எஞ்சிய ஆற்றலைக் கொண்டே தலையை அவசரமாக இழுத்துக்கொள்ளும். தட்டு பழுதுறாது தாங்கக்கூடிய அவசர ஒதுக்கங்களின் தொகை, முறையான ஒதுக்கங்களின் தொகையினும் பன்மடங்கு குறைவாகும்.

இரண்டாவது இயல்பு, பதுக்கு நினைவகம் பற்றியது. எழுதுமாறு வந்த தரவுகளைத் தட்டு உடனே காந்தப் பரப்பில் எழுதுவதில்லை. விரைவின்பொருட்டுத் தன் சிறு நினைவகத்தில் அவற்றை வைத்துக்கொண்டு, எழுதி முடிந்ததென்று விடை கூறிவிடும். அவ்வேளையில் மின் அறுபடின் அத்தரவுகள் அழிந்துபோம். ஆதலின் தட்டுக்கு மின் நிறுத்துமுன் இரண்டு கட்டளைகள் இன்றியமையாதன. பதுக்கில் உள்ளவற்றைப் பரப்பில் எழுதி முடிக்கும்படி ஏவுவது ஒன்று. உடனே ஓய்வுநிலைக்குச் செல்லும்படி ஏவுவது மற்றொன்று. இவற்றுக்குப் பின்னரே மின் நிறுத்தப்படல் வேண்டும். இவ்வொழுங்கே இனி வருவனவற்றுக்கெல்லாம் அடிப்படை என்க.

இரு அதிகாரங்கள்

1992ஆம் ஆண்டில் இன்ரெல், மைக்ரோசொவ்ற் ஆகிய நிறுவனங்கள் ஏ.பி.எம். என்னும் வலு முகாமைத்துவ முறையை வெளியிட்டன. அம்முறையில் அதிகாரம் பெரும்பாலும் நிலைப்பொருளின் கையிலேயே இருந்தது. குறித்த நேரம்வரை தட்டில் வேலை நிகழாதிருப்பின், தட்டு சும்மா இருக்கின்றதெனத் தானே முடிவுசெய்து நிலைப்பொருள் அதனை நிறுத்தலாம். ஆயின் தட்டினால் அடுத்து என்ன வேலை ஆகவேண்டியுள்ளது என்பதை நிலைப்பொருள் அறியாது. அதனை அறிந்ததோ பணிசெயல் முறைமை. அறிவு ஓரிடத்தும் அதிகாரம் வேறோரிடத்தும் இருந்தமையே அம்முறையின் குறைபாடாகும்.

இக்குறையை நீக்கும்பொருட்டு, இன்ரெல், மைக்ரோசொவ்ற், ரொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1996ஆம் ஆண்டு டிசெம்பரில் ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய நியமத்தை வெளியிட்டன. 2013ஆம் ஆண்டுமுதல் அந்நியமத்தைப் பேணும் பொறுப்பு யூ.இ.எவ்.ஐ. மன்றத்துக்கு உரியதாயிற்று. இந்நியமத்தின் உட்கருத்து எளிதானது. முடிவுசெய்யும் அதிகாரம் பணிசெயல் முறைமைக்கு உரியது. பலகையின் அமைப்பை விளக்கிக் கூறுவது நிலைப்பொருளின் கடமை. வீட்டைக் கட்டியவன், சாவிக்கொத்தையும் எச்சாவி எப்பூட்டுக்குரியது என்ற குறிப்பையும் குடியிருக்க வருபவனிடம் ஒப்படைத்துச் செல்வது இதனை ஒக்கும். அக்குறிப்பு, அட்டவணைகள் வடிவில், எவ்வகைக் கணினிக்கும் பொதுவானதொரு குறிமொழியில் எழுதப்பட்டிருக்கும். அதனைப் பணிசெயல் முறைமை வாசித்து, வேண்டியபொழுது வேண்டிய பகுதியைத் தானே இயக்கும்.

ஏ.சி.பி.ஐ. நியமம் கணினி முழுவதற்கும் எஸ்0 முதல் எஸ்5 வரையான நிலைகளை வகுத்தது. எஸ்0 விழிப்பு நிலை. எஸ்3 என்பது பிரதான நினைவகத்துக்கு மட்டும் மின் ஊட்டி, ஏனையவற்றுட் பெரும்பாலானவற்றை அணைத்துவிடும் துயில்நிலை. எஸ்4 என்பது நினைவகத்தில் உள்ளவற்றையும் தட்டில் எழுதிவிட்டு மின்னை நிறுத்தும் நெடுந்துயில். எஸ்5 முற்றாக அணைந்த நிலை. ஒவ்வொரு சாதனத்துக்கும் டி0 முதல் டி3 வரையான நிலைகள் தனியே வகுக்கப்பட்டுள்ளன.

நான்கு செயன்முறைகள்

முடிவுசெய்வது பணிசெயல் முறைமையே எனின், தட்டைப் பொறுத்தவரை நிலைப்பொருளுக்கு என்ன வேலை எஞ்சியுள்ளது என்ற வினா எழும். கணினி முதன்முதல் இயக்கப்படும்பொழுது, பணிசெயல் முறைமை விழிக்குமுன்னரே நிலைப்பொருள் தட்டையும் அதன் கட்டுப்படுத்தியையும் ஆயத்தம் செய்துவிடுகின்றது. தரவு செல்லும் வேகம், சில வசதிகள், சில பூட்டுகள் ஆகியவற்றை அது நிறுவுகின்றது. எஸ்3 துயிலில் மின் இழந்த தட்டு இவையனைத்தையும் மறந்துவிடும். விழிக்கும் வேளையிலோ நிலைப்பொருள் தன் தொடக்க வேலைகள் முழுவதையும் திரும்பச் செய்வதில்லை. ஆகவே மறந்தவற்றைத் தட்டுக்கு மீண்டும் உணர்த்தும் கடமை, தட்டை இயக்கும் மென்பொருட் பகுதியாகிய செலுத்தியின்பாற் படுகின்றது. செலுத்தியோ எல்லாத் தட்டுகளுக்கும் பொதுவான விதிகளையே அறியும். குறித்த ஒரு பலகையை ஆக்கியோர் கருதிச்செய்த சிறப்பு ஒழுங்குகளை அது அறியாது.

இவ்விடைவெளியை நிரப்புவதற்காக ஏ.சி.பி.ஐ. நான்கு செயன்முறைகளைத் தந்துள்ளது. ஜி.ரி.எம். என்பது, பழைய சமாந்தரக் கட்டுப்படுத்தியில் இரு தட்டுகளுக்கும் அப்போது வழங்கும் வேக ஒழுங்கை 20 பைற்று அளவான விடையாகத் தருவது. எஸ்.ரி.எம். என்பது, அவ்வொழுங்கையும் இரு தட்டுகளின் அடையாள விவரத்தையும் நிலைப்பொருளிடம் கொடுத்து, கட்டுப்படுத்தியை முன்னைய நிலையில் நிறுத்தும்படி கேட்பது. எஸ்.டி.டி. என்பது, பின்வந்த தொடர்வழித் தட்டுகளுக்கு உரியது. தட்டின் 512 பைற்று அடையாள விவரத்தை நிலைப்பொருளுக்கு அறிவிப்பது. நான்காவதாகிய ஜி.ரி.எவ். இவற்றுள் முதன்மையானது. இத்தட்டுக்கு எக்கட்டளைகளை அனுப்பவேண்டும் என்று கேட்கப்படும்பொழுது, நிலைப்பொருள் தரும் கட்டளைப் பட்டியல் இதுவேயாகும்.

அப்பட்டியலின் அமைப்பு நோக்கத்தக்கது. ஒவ்வொரு கட்டளையும் ஏழு பைற்றுகளாலானது. தட்டின் ஏழு பதிவகங்களில் எழுதவேண்டிய ஏழு பெறுமானங்களை அவை குறிக்கும். ஏழாவது கட்டளையின் குறியெண். எடுத்துக்காட்டாக, பதின்ம எண்களில் 0, 0, 0, 0, 0, 160, 245 என வரும் தொகுதி, பாதுகாப்பு உறைவுப் பூட்டு என்னும் கட்டளையைக் குறிக்கும். நிலைப்பொருள் இக்கட்டளையைத் தானே தட்டுக்கு அனுப்புவதில்லை என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். அது பட்டியலைத் தருகின்றது, அனுப்புவது செலுத்தியே. ஒரு தட்டுக்கு இரு வாயிலிருந்து ஒரே வேளையில் கட்டளை பிறப்பின் விளையும் குழப்பம் இதனால் தவிர்க்கப்படுகின்றது.

துயிலின் ஒழுங்கும் விழிப்பின் ஒழுங்கும்

லினக்ஸில் இவ்வகைத் தட்டுகளை இயக்கும் செலுத்தித் தொகுதி லிப்ஏ.ரி.ஏ. எனப்படும். 2007ஆம் ஆண்டில் அத்தொகுதியில் மேற்கூறிய செயன்முறைகள் இணைக்கப்பட்டன. துயிலுக்குச் செல்லும்பொழுது செய்நிரல்கள் நிறுத்தி வைக்கப்படும். கோப்பு முறைமையில் எழுதவேண்டியன எழுதப்படும். பின்னர்த் தட்டின் பதுக்கு வெறுமையாக்கப்பட்டு, தட்டு ஓய்வுநிலைக்கு அனுப்பப்படும். கட்டுப்படுத்தி அதன்பின் உறங்கும். கணினியைத் துயிலச் செய்யும் கட்டளை எல்லாவற்றுக்கும் இறுதியிலேயே பிறக்கும்.

விழிப்பின் ஒழுங்கு இதனினும் நுட்பமானது. முதலிற் கட்டுப்படுத்திக்கு வலு அளிக்கப்படும். எஸ்.ரி.எம். உள்ள கணினியாயின் அது முதலில் இயக்கப்பட்டு, உடன் தொடர்ந்து ஜி.ரி.எவ். கேட்கப்படும், முன்னதில் அறிவித்த விவரங்களைக்கொண்டே பின்னது விடை தருதல் கூடுமாதலின், இவ்விரண்டனையும் முறைமாற்றுதல் தகாது. தொடர்வழித் தட்டாயின், எஸ்.டி.டி. முன்னும் ஜி.ரி.எவ். பின்னும் வரும். தட்டின் பெயரும் தொடரிலக்கமும் துயிலுக்கு முன் இருந்தவைதாமா என்றும் செலுத்தி ஒப்புநோக்கும். துயில்வேளையில் எவரேனும் தட்டினை மாற்றியிருத்தலும் கூடுமன்றோ? பட்டியலிலுள்ள கட்டளை ஏதேனும் அனுப்பப்பட்டிருப்பின், தட்டின் அடையாள விவரம் மறுபடியும் முழுமையாக வாசிக்கப்படும். கட்டளையானது தட்டின் இயல்பையே மாற்றியிருக்கலாம் என்பது இதற்குக் காரணம்.

நிலைப்பொருளின் பட்டியலில் தவறு இருப்பின் யாது செய்வது? இதற்கும் ஒரு நெறி வகுக்கப்பட்டுள்ளது. பட்டியலை நிறைவேற்றுவதில் முதன்முறை தவறு நேரின், செலுத்தி மறுமுறையும் முயலும். இரண்டாம் முறையும் தவறின், அத்தட்டைப் பொறுத்தவரை ஏ.சி.பி.ஐ. உதவியை முற்றாகக் கைவிட்டு, தன் பொது அறிவைக்கொண்டே தட்டை இயக்கும். பிழையான குறிப்பினால் தட்டே பயன்படாதொழிவதிலும், குறிப்பின்றி இயங்குதல் நன்று என்பதே இதன் கருத்து. செலுத்தி தான் நீங்கும் வேளையில், தொடக்கத்தில் ஜி.ரி.எம். வழியாகப் பெற்ற வேக ஒழுங்கை மீண்டும் நிறுவிவிட்டுச் செல்வதும் குறிப்பிடத்தக்கது. அடுத்து வரும் செலுத்திக்கு அது பயன்படும்.

கட்டளைகளைச் சலித்தல்

நிலைப்பொருள் தரும் பட்டியலை அவ்வாறே நிறைவேற்றுவது செலுத்தியின் கடமையா? லினக்ஸ் அன்று என்றே விடை கூறுகின்றது. பட்டியலின் கட்டளைகளைச் சலித்தெடுக்கும் வடிகட்டி ஒன்று அதில் உண்டு. வேறுவிதமாகப் பணிக்கப்படாதவிடத்து, மூவகைக் கட்டளைகளை அது தடுத்துவிடும். அவை தரவின் வேகத்தை நிறுவுவன, பூட்டுவன, தட்டு தானாகவே இணைப்பின் வலுவைக் குறைக்க இடங்கொடுப்பன என்பனவாம்.

முதலாவது தடைக்குக் காரணம் எளிதில் விளங்கும். இணைப்புக் கம்பியிற் பிழைகள் மிகுந்தால், செலுத்தி தன் அனுபவத்தைக்கொண்டு வேகத்தைக் குறைத்திருக்கும். அவ்வனுபவத்தை அறியாத நிலைப்பொருளின் பழைய அளவு மீண்டும் நிறுவப்படின், நீங்கிய பிழைகள் திரும்பிவிடும். மூன்றாவதற்கும் இத்தகைய காரணமே பொருந்தும். இணைப்பின் வலுவைப் பற்றிய கொள்கையைச் செலுத்தி தன் கையிலேயே வைத்துள்ளது.

இரண்டாவதாகிய பூட்டே விவாதத்துக்குரியது. வன்றட்டுக்குக் கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வசதி உண்டு. தீய நோக்குடைய செய்நிரல் ஒன்று உரிமையாளர் அறியாதவாறு கடவுச்சொல் இட்டுவிடின், அவர் தம் தரவுகளையே இழக்க நேரும். இதனைத் தடுப்பதற்காக நிலைப்பொருள்கள் பல, கணினி இயங்கத் தொடங்கும்பொழுதே பாதுகாப்பு உறைவுப் பூட்டை ஏவிவிடுகின்றன. அதன்பின், மின் நின்று மீண்டும் வரும்வரை கடவுச்சொல் தொடர்பான கட்டளைகளைத் தட்டு ஏற்காது. துயிலில் மின் நிற்பதால் அவ்வுறைவு நீங்கிவிடும். அதனை மீண்டும் இடவே ஜி.ரி.எவ். பட்டியலில் அக்கட்டளை வைக்கப்படுகின்றது. லினக்ஸோ அதனை வடிகட்டி விடுகின்றது.

இதில் இரு பக்கத்தும் நியாயம் உண்டு. காவல் வேண்டுவோர், துயிலுக்கு முன் இருந்த காப்பு துயிலுக்குப் பின்னும் இருத்தல் வேண்டும் என்பர். உரிமையை வற்புறுத்துவோர், பழைய தட்டு ஒன்றைப் பிறர்க்குக் கொடுக்குமுன் அதனை முற்றாக அழிக்கும் கட்டளையும் அதே பூட்டினால் தடைப்படுகின்றது எனக் காட்டுவர். உறைந்த தட்டை அழிக்க விரும்புவோர், கணினியை ஒருமுறை துயிலச்செய்து எழுப்பி, உறைவை நீக்கிக்கொள்ளும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. லினக்ஸ் இவ்விவாதத்தை ஒருபக்கமாக முடித்துவிடவில்லை. எவ்வகைக் கட்டளைகள் தடுக்கப்படல் வேண்டும் என்பதைக் கணினியின் பொறுப்பாளர் தொடக்க வேளையிலேயே மாற்றிக்கொள்ளலாம், ஏ.சி.பி.ஐ. உதவியையே வேண்டாமெனவும் கூறலாம். இறுதிச் சொல் உரிமையாளரிடமே விடப்பட்டுள்ளது.

இருமுறை நிறுத்தம்

அதிகார எல்லை தெளிவாக வகுக்கப்படாவிடின் என்ன நேரும் என்பதற்கு, அதே 2007ஆம் ஆண்டில் எழுந்த ஒரு சிக்கல் நல்ல சான்றாகும். கணினியை முற்றாக அணைக்கும்பொழுது தட்டை நிறுத்தும் பொறுப்பை லினக்ஸின் கரு தானே ஏற்றுக்கொண்டது. ஆயின் அதற்குமுன் அவ்வேலையைச் செய்துவந்த அணைப்புச் செய்நிரல்கள் தம் வழக்கத்தை விடவில்லை. செய்நிரல் முதலில் தட்டை நிறுத்தும். அதன்பின் கரு, பதுக்கை வெறுமையாக்கும் கட்டளையை அனுப்பும். நின்றுவிட்ட தட்டுகளுட் சில அக்கட்டளையைப் பெற்றதும் மறுபடி சுழலத் தொடங்கும். உடனே மீண்டும் நிறுத்தப்படும், அல்லது சுழலும்பொழுதே மின்னை இழக்கும். நன்மை கருதி இருவர் செய்த ஒரே பணி, தலையின் அவசர ஒதுக்கமாக முடிந்தது. தட்டு முறைப்படி நிறுத்தப்படாதிருக்கலாம் என்றும், அணைப்புச் செய்நிரலைப் புதுப்பிக்கவேண்டும் என்றும் கரு திரையில் எச்சரிக்கை வெளியிட்டது.

இதனை ஒத்த மற்றொரு குறை, நிலைப்பொருளின் பக்கத்திலிருந்தும் தோன்றியது. சில மடிக்கணினிகளின் நிலைப்பொருள், மின்னை நிறுத்தும் தறுவாயில் தட்டைத் தானும் நிறுத்த முற்பட்டது. கரு முன்னரே நிறுத்திய தட்டு, மறுபடி நிறுத்தப்படுவதற்காகவே விழித்தெழுந்தது. அத்தகைய கணினிகளின் பெயர்களைப் பட்டியலிட்டு, அவற்றில் மட்டும் தட்டை நிறுத்தாது விட்டுவிடும்படி செலுத்தி திருத்தப்பட்டது. நியமம் ஒன்றைக் கூற, நடைமுறை வேறொன்றாக இருக்குமிடத்து, பொதுவிதியோடு விலக்குகளின் பட்டியலையும் பேணுவதன்றி வேறு வழியில்லை.

சுழலாத் தட்டுகள்

இக்காலத்திற் பல கணினிகளில் சுழலும் தட்டின் இடத்தைத் திண்மநிலைச் சேமிப்பகங்கள் பெற்றுள்ளன. 2011ஆம் ஆண்டில் வெளியான என்.வி.எம்.இ. நியமத்தைப் பின்பற்றும் இவற்றில் மிதக்கும் தலை இல்லை. ஆதலின் தலை பற்றிய அச்சமும் இல்லை. ஆயினும் அதிகாரச் சிக்கல் ஒழியவில்லை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 துயிலுக்குப் பதிலாக, எஸ்0 நிலையில் இருந்துகொண்டே பகுதிகளை ஒவ்வொன்றாக அடக்கும் முறை வழங்குகின்றது. என்.வி.எம்.இ. சாதனம் தனக்கென 32 வரையான வலுநிலைகளைக் கொண்டிருக்கலாம். அவற்றுள் ஒன்றில் அதனை அமர்த்துவதா, அல்லது முறைப்படி முற்றாக மூடி டி3 நிலைக்கு அனுப்புவதா என்ற தெரிவு செலுத்தியின்முன் உள்ளது. எது பொருந்தும் என்பது பலகையின் அமைப்பைப் பொறுத்தது. அதனை அறிந்தது நிலைப்பொருளே. எனவே சேமிப்பகத்தை டி3 நிலைக்கு அனுப்பலாம் என்பதை உணர்த்தும் ஒரு குறியை ஏ.சி.பி.ஐ. அட்டவணையில் வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2020ஆம் ஆண்டில் லினக்ஸின் என்.வி.எம்.இ. செலுத்தியும் அக்குறியை வாசிக்கத் தொடங்கிற்று. நிலைப்பொருள் கூறுகின்றது, செலுத்தி செய்கின்றது. தட்டு மாறியபோதும் முறை மாறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் விளங்குவன சில. தட்டைப் பற்றிய அறிவு இரு கூறாகப் பிரிந்துள்ளது. பலகையின் அமைப்பை நிலைப்பொருள் அறியும். நிகழும் பணியைப் பணிசெயல் முறைமை அறியும். ஒன்று மற்றொன்றை அடக்கி ஆண்ட ஏ.பி.எம். காலத்தில் தட்டுக்கு நன்மை விளையவில்லை. ஒன்றின் சொல்லை மற்றொன்று ஆராயாது நிறைவேற்றுவதாலும் நன்மை விளையாது என்பதை வடிகட்டி காட்டுகின்றது. இருவரும் ஒரே பணியைத் தனித்தனியே செய்யின் கேடு விளையும் என்பதை இருமுறை நிறுத்தம் காட்டுகின்றது. அறிந்தது கூறுதல் ஒருவர்க்கும், கேட்டு ஆராய்ந்து செய்தல் மற்றொருவர்க்கும், செய்தபின் தட்டின் நிலையை மீண்டும் வாசித்துத் தெளிதல் செய்தவர்க்கும், இறுதித் தெரிவு உரிமையாளர்க்கும் உரியனவாதல் வேண்டும். ஓர் உறையில் இரு வாள் தங்கா என்பது பழமொழி. தங்கவேண்டிய தேவை நேருமிடத்து, எது எப்போது வெளிவரும் என்ற ஒழுங்கை முன்னரே வகுத்துக்கொள்வதே அறிவுடைமையாகும்.

மூடியைத் திறந்ததும் நிறுத்திய வாக்கியம் நிறுத்திய இடத்திலேயே தோன்றுவது இவ்வொழுங்கின் பயனேயாம். கணினி பயிலும் மாணவர், அச்சில செக்கன்களில் நிகழ்வதை லினக்ஸின் பதிவேட்டில் வரிவரியாக வாசித்தறியலாம். எக்கட்டளை ஏற்கப்பட்டது, எக்கட்டளை வடிகட்டப்பட்டது என்பன அங்கே குறிக்கப்பட்டுள்ளன.